ஆன்லைனில் இஎம்டி படிப்பு: திரையில் முடிவது எது, முடியாதது எது

"வீட்டில் இருந்தபடியே படித்து இஎம்டி ஆகுங்கள்" என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. இஎம்டி என்பவர் ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர். கூடவே "முழுக்க ஆன்லைன்", "அங்கீகாரம் பெற்றது", "சில வாரங்களில் சான்றிதழ்" என்ற வார்த்தைகளும் வரும். அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக நினைப்பவர்கள், தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேருகிறவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் என்று பலரும் முதலில் தேடுவது இந்தப் படிப்பைத்தான். தேடத் தொடங்கியதும் குழப்பமும் தொடங்கிவிடுகிறது. ஆன்லைன் சான்றிதழ் எங்கேயும் செல்லாது என்று ஒருவர் சொல்வார். நான் ஆன்லைனில் படித்துத்தான் இன்று ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன் என்று இன்னொருவர் சொல்வார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பாடத்தைத் திரையில் படித்து முடிக்கலாம். கைவேலையையும் நோயாளியைப் பார்ப்பதையும் திரையில் முடிக்க முடியாது. இந்த இரண்டில் எந்தப் பாதியை ஒரு நிறுவனம் விற்கிறது என்பது தெரியாமல் பணம் கட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏன் இப்படி இரண்டு பாதிகள், சேருவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## இஎம்டி என்பவர் யார்

இஎம்டி என்றால் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். சாலை விபத்து நடந்த இடத்துக்கோ, மூச்சுத் திணறுகிற ஒருவரின் வீட்டுக்கோ ஆம்புலன்ஸில் வந்து இறங்குபவர். உயிருக்கு இப்போதே ஆபத்து எதனால் என்று கண்டுபிடித்து, அதைத் தணித்து, மருத்துவமனையில் கொண்டுபோய் ஒப்படைப்பது அவர் வேலை.

அமெரிக்காவில் இந்தத் துறையில் நான்கு படிகள் உண்டு. கீழிருந்து சொன்னால் எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பாண்டர், இஎம்டி, அட்வான்ஸ்டு இஎம்டி, பாராமெடிக். ஆக்சிஜன் கொடுப்பது, ஆம்பு பேக்கால் சுவாசம் தருவது, இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி சிபிஆர் செய்வது, ஏஇடி கருவியால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவது எல்லாம் இஎம்டியின் எல்லைக்குள் வரும். மருந்து என்று பார்த்தால் ஆஸ்பிரின், வாய்வழி குளுக்கோஸ், போதைமருந்து மிகையானவர்களுக்கு நலோக்சோன், கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் என்று ஒரு சிறிய பட்டியல்தான். நரம்பில் ஊசி ஏற்றுவது, இதய மருந்துகள் கொடுப்பது போன்றவை மேல்படிகளுக்கு உரியவை. எந்தப் படிக்கு எது அனுமதி என்பதன் கடைசி எல்லையை அந்தந்த மாநிலம் வகுக்கிறது. "மாநிலம்" என்ற இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

இப்படி ஒரு பயிற்சி ஏன் உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால், ஆன்லைன் விஷயத்தில் விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதும் புரியும். 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965-ல் மட்டும் அந்த நாட்டில் 1,07,000 பேர் விபத்துகளில் இறந்திருந்தார்கள். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார் என்று அந்த அறிக்கை சொன்னது. காரணம் மிக எளிது: படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வண்டி வந்தது, ஆனால் அதில் வந்தவருக்குச் சிகிச்சை தெரியவில்லை. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் தேசிய இஎம்டி பதிவகம் 1970-ல் தொடங்கியது, சுமார் 80 மணி நேரத்தில் நாடு முழுவதுக்குமான முதல் பாடத்திட்டமும் தயாரானது. ஆம்புலன்ஸில் ஏறுகிறவருக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பு பிறந்ததற்கே காரணம்.

## "ஆன்லைன்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு படிப்புகள்

விளம்பரத்தில் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே நான்கு வகை இருக்கின்றன.

1. பதிவு செய்த பாடங்கள். காணொளி, பாடப்புத்தகம், சிறு தேர்வுகள். நேரம் கிடைக்கும்போது படிக்கலாம். கேள்வி கேட்க ஆசிரியர் அந்த நேரத்தில் எதிரில் இருக்க மாட்டார்.

2. நேரலை வகுப்பு. குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம். ஆசிரியர் திரையில் இருப்பார், வருகைப் பதிவும் உண்டு.

3. கலப்பு முறை. பாடம் மேலே சொன்ன இரண்டில் ஏதாவது ஒரு வழியில் நடக்கும். அப்புறம் கைப்பயிற்சிக்கு நேரில் போக வேண்டும். சில இடங்களில் வாரக் கடைசிகளில் நடக்கும், சில இடங்களில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து முகாம் போல் வைத்து முடிப்பார்கள். இதற்கு மேல் மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ நோயாளிகளைப் பார்க்கும் நேரமும் சேரும். சான்றிதழ் வரை கொண்டுபோகக்கூடிய ஆன்லைன் படிப்பு என்றால் அது இந்த வகைதான்.

4. தொடர்கல்வி. ஏற்கெனவே இஎம்டியாக இருப்பவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்கப் படிக்கும் பாடங்கள். இவை முழுக்க ஆன்லைனிலேயே கிடைக்கும். புதிதாகச் சேருகிறவர் இவற்றில் எத்தனை படித்தாலும் இஎம்டி ஆக முடியாது.

குழப்பத்தின் பெரும்பகுதி நான்காவது வகையிலிருந்து வருகிறது. இதை விற்பவர்கள் "சிஏபிசிஇ அங்கீகாரம் பெற்றது" என்று போடுவார்கள், அது பொய்யும் இல்லை. சிஏபிசிஇ என்பது அவசர மருத்துவத் துறையின் தொடர்கல்விப் பாடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. தொடக்கப் படிப்புக்கு அந்த அங்கீகாரத்தால் பயனில்லை. அங்கீகாரம் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிப் பணம் கட்டிவிடாமல், "எதற்கான அங்கீகாரம், யார் கொடுத்தது" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும்.

பாராமெடிக் படிப்பில் இந்த விஷயம் வேறு மாதிரி. 2013 முதல், தேசியப் பதிவகத்தின் பாராமெடிக் தேர்வை எழுத, சிஏஏஎச்இபி என்ற அமைப்பின் அங்கீகாரத்துக்கு உட்பட்ட படிப்பில் படித்திருக்க வேண்டும். இஎம்டிக்கு அந்த விதி இல்லை. இஎம்டி படிப்பு எது செல்லும் என்று முடிவு செய்வது மாநிலத்தின் அவசர மருத்துவ அலுவலகம்.

## கை ஏன் நேரில் வர வேண்டும்

அமெரிக்காவின் பாடத்திட்டம் கற்றலை மூன்றாகப் பிரிக்கிறது: அறிவு, கைத்திறன், நடத்தை. அறிவைத் திரையிலிருந்து பெறலாம். இதயம் எப்படி ரத்தத்தை இறைக்கிறது, சர்க்கரை குறைந்தால் ஆள் ஏன் உளறுகிறார், பக்கவாதத்தின் அறிகுறிகள் என்ன என்பதையெல்லாம் நல்ல காணொளி ஒரு சுமாரான வகுப்பறையைவிடத் தெளிவாகவே விளக்கிவிடும். பிடிபடவில்லை என்றால் பத்து முறைகூட ஓட்டிப் பார்க்கலாம். இது ஆன்லைன் படிப்பின் உண்மையான பலம், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

கைத்திறன் அப்படி இல்லை. ஒரே ஓர் உதாரணத்தை ஆழமாகப் பார்த்தால் போதும்: ஆம்பு பேக்.

மூச்சு நின்றுபோன ஒருவரின் முகத்தில் முகமூடியை வைத்து, அதோடு இணைந்த பையை அழுத்திக் காற்றைச் செலுத்துவதுதான் வேலை. சொல்வதற்கு ஒரு வரி, பார்ப்பதற்கும் எளிது. செய்கையில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதலில் முகமூடி முகத்தோடு கசிவில்லாமல் ஒட்ட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியைச் சுற்றிப் பிடிக்கும், மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்புக்குக் கீழே கொக்கி போல் மாட்டும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, முகமூடியை முகத்தின் மேல் அழுத்துவது. அப்படி அழுத்தினால் தாடை உள்ளே போகும், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: தாடையை மேலே தூக்கி முகமூடிக்குள் கொண்டுவர வேண்டும். விரல்களுக்கு இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டால் மறக்காது. பிடிபடும் வரை எத்தனை காணொளி பார்த்தாலும் வராது.

அடுத்தது அளவு. பெரியவர்களுக்கான பையில் ஒரு லிட்டருக்கும் மேல் காற்று இருக்கும். தேவைப்படுவதோ அரை லிட்டரை ஒட்டித்தான். மார்பு லேசாக எழும்புவது தெரிந்ததும் நிறுத்த வேண்டும். முழுப் பையையும் பிழிந்தால் மிச்சக் காற்று வயிற்றுக்குள் போகும், வயிறு உப்பும், வாந்தி வரும், அந்த வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். உதவ வந்த கையே கெடுதல் செய்துவிடும்.

மூன்றாவது வேகம். நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லாத பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் சுமார் ஒரு விநாடி நீளம். அமைதியாக இருக்கும்போது 6 விநாடி சின்ன நேரம். எதிரில் ஒருவர் நீலம் பாய்ந்து கிடக்க, பின்னால் குடும்பம் அழும்போது அதே 6 விநாடி பெரிய இடைவெளியாகத் தோன்றும், கை தானாகவே வேகம் பிடிக்கும். பயிற்றுநர் பக்கத்தில் நின்று "மெதுவாக, எண்ணிக்கொண்டே செய்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் படபடப்பு அடங்கும்.

சிபிஆரும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம். 5 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு பலம் வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்தித் தோள் வலித்த பிறகுதான் தெரியும். ஓடுகிற வண்டியின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரத்த அழுத்தம் கேட்பது, டூர்னிக்கெட் என்ற இறுக்குப்பட்டையைக் காயம்பட்ட கை காலில் கட்டி ரத்தம் நிற்கும் வரை முறுக்குவது (அதற்கு வலி தாங்காமல் நோயாளி கத்துவார், அப்போதும் தளர்த்தக் கூடாது), ஸ்ட்ரெச்சரில் கனமான ஒருவரைப் படியில் இறக்குவது எல்லாமே இந்த வகையில்தான் சேரும்.

மூன்றாவதாகச் சொன்ன நடத்தை பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பயந்துபோன மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பயந்துபோன மனிதரிடம்தான் பழக முடியும். அதற்குத்தான் மருத்துவமனை நேரமும் ஆம்புலன்ஸ் நேரமும்.

## மூன்று காகிதங்கள், மூன்று வேறு கைகள்

"சான்றிதழ் தருகிறோம்" என்ற வாக்குறுதியைப் புரிந்துகொள்ள இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. படிப்பு முடித்த சான்று. பயிற்சி நிறுவனம் கொடுப்பது. இவர் எங்களிடம் படித்தார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

2. தேசியச் சான்றிதழ். தேசியப் பதிவகம் தேர்வு வைத்துக் கொடுப்பது. பெரும்பாலான மாநிலங்கள் புதியவர்களிடம் இதைக் கேட்கின்றன.

3. மாநில உரிமம். வேலை செய்ய அனுமதி தருவது இது ஒன்றுதான். குற்றப்பின்னணிச் சோதனை, கைரேகை, வயது வரம்பு போன்ற நிபந்தனைகள் பல மாநிலங்களில் இந்தக் கட்டத்தில்தான் வரும்.

முதல் காகிதத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில் ஒரு வாசல் இருக்கிறது. நீங்கள் பதிவகத்தில் விண்ணப்பித்ததும், உங்கள் பயிற்சி நிறுவனத்தின் திட்ட இயக்குநர் உள்ளே போய், "ஆம், இவர் படிப்பை முடித்தார், கைத்திறனில் தேறினார்" என்று உறுதி செய்ய வேண்டும். அந்த நிறுவனம் மாநிலத்தின் அனுமதி பெற்றதாகவும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் தேர்வுக்கே அனுமதி வராது. கைத்திறனைப் பார்க்காமல் பொறுப்பான எந்த இயக்குநரும் அந்த உறுதியைத் தர மாட்டார். முழுக்க ஆன்லைன் என்று விற்கப்படும் படிப்பு கடைசியில் முட்டி நிற்பது இந்த வாசலில்தான். அதற்குள் பணமும் சில மாதங்களும் போயிருக்கும்.

எழுத்துத் தேர்வைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. பதிவகத்தின் இஎம்டி தேர்வு கணினியில் நடக்கும், இரண்டு மணி நேரம், 70 முதல் 120 கேள்விகள். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை கிடையாது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். இவர் தேறுவார் அல்லது தேறமாட்டார் என்று கணினிக்கு 95 சதவீத உறுதி கிடைத்ததும் தேர்வு நின்றுவிடும். 70-வது கேள்வியில் திரை அணைந்துவிட்டதே என்று பதறுகிறவர்கள் உண்டு. அது நல்ல சேதியாகவும் இருக்கலாம், கெட்ட சேதியாகவும் இருக்கலாம். தவறினால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்று முறை தவறினால் கூடுதல் பயிற்சி முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். படிப்பை முடித்த இரண்டு ஆண்டுக்குள் இதெல்லாம் நடந்திருக்க வேண்டும்.

கேள்விகள் பெரும்பாலும் "அடுத்து என்ன செய்வீர்கள்" என்ற வகை. நான்கு விடைகளுமே ஓரளவு சரியாகத் தெரியும், முதலில் செய்ய வேண்டியது எது என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேயும் கைப்பயிற்சி உதவுகிறது. இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது, கையுறை போடுவது, மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையைப் பொம்மையின் முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகியவருக்கு அந்தக் கேள்வி பழகின இடம் மாதிரி இருக்கும். கைத்திறன் தேர்வுத் தாள்களில் பாதுகாப்பைப் பார்க்காமல் நோயாளியை நெருங்குவது, கையுறையை மறப்பது இரண்டும் உடனடித் தோல்விக்கான காரணங்கள். மற்றதையெல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் அவ்வளவுதான்.

## 2020-ல் நடந்தது

கொரோனா காலத்தில் பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன, மருத்துவமனைகள் மாணவர்களை உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில் பாடங்கள் கூட்டம் கூட்டமாக ஆன்லைனுக்கு நகர்ந்தன. இஎம்டி எழுத்துத் தேர்வைக் கண்காணிப்புடன் வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் வந்தது. இன்றைக்கு "எல்லாமே ஆன்லைனில் முடியும்" என்று பரவியிருக்கும் எண்ணத்துக்கு அந்த ஆண்டும் ஒரு முக்கியக் காரணம்.

அந்த நெருக்கடியிலும் பதிவகம் செய்ததைக் கவனிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி, கைத்திறன் தேர்வை மட்டும் முடிக்க முடியாதவர்களுக்கு முழுச் சான்றிதழைத் தூக்கிக் கொடுக்கவில்லை. "தற்காலிகச் சான்றிதழ்" என்று தனியாக ஒன்றை உருவாக்கியது. ஆம்புலன்ஸ்களுக்கு ஆள் இல்லாமல் தவித்த நாட்களில்கூட, பாதி முடித்தவரையும் முழுதாக முடித்தவரையும் ஒரே பெயரில் அழைக்க அது தயாராக இல்லை. என் பார்வையில் அது சரியான முடிவு.

## மணிக்கணக்கு

படிப்பு எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு வாரத்தில் பதில் சொல்வது ஏமாற்றக்கூடியது, மணியில்தான் கேட்க வேண்டும். 2009-ல் வந்த தேசியக் கல்வித் தரங்களோடு வெளியான வழிகாட்டுதல் இஎம்டி படிப்புக்குச் சுமார் 150 முதல் 190 மணி நேரம் என்று மதிப்பிட்டது. அந்தத் தரங்கள் 2021-ல் திருத்தப்பட்டன. மாநிலங்கள் தங்கள் குறைந்தபட்ச அளவைத் தாங்களே வைக்கின்றன. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டால் குறைந்தது 170 மணி நேரம். அதில் 146 மணி பாடத்துக்கும் கைப்பயிற்சிக்கும், 24 மணி மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ. அந்த 24 மணிக்குள் குறைந்தது 10 நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

170 மணியை ஆறு வாரத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 28 மணிக்கு மேல் ஆகிறது. வீட்டில் படிக்கும் நேரம் இதில் சேராது. பகலில் வேலைக்குப் போகிறவருக்கு அது மூச்சு முட்டும் வேகம். அதே 170 மணியை 16 வாரத்துக்குப் பரப்பினால் வாரம் 11 மணிக்குள் வந்துவிடும். "ஆறே வாரம்" என்று விளம்பரத்தில் பார்த்ததும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் மாநிலம் கேட்கும் மணிக்கும் அவர்கள் சொல்லும் வாரத்துக்கும் ஒத்துவரவில்லை என்றால் எங்கேயோ எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

## பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இவற்றைத் தொலைபேசியில் கேட்டாலும், பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. இந்தத் தொடக்கப் படிப்புக்கு எந்த மாநிலம் அனுமதி கொடுத்திருக்கிறது? நான் வேலை செய்யப் போகும் மாநிலம் அதை ஏற்குமா? பதில் வந்ததும் அதோடு நிற்காமல், உங்கள் மாநில அலுவலகத்தின் அனுமதிப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் மேலே பேசத் தேவையில்லை.

2. கைப்பயிற்சி எங்கே, எத்தனை நாள், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒரு பொம்மையைச் சுற்றி இருபது பேர் நின்றால் உங்கள் கைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?

3. மருத்துவமனை, ஆம்புலன்ஸ் நேரத்தை யார் ஏற்பாடு செய்வார்கள்? ஆன்லைன் படிப்பில் மிக அதிகமாக அடிவாங்கும் இடம் இது. சில நிறுவனங்கள் இந்தப் பொறுப்பை மாணவரிடமே விட்டுவிடும். மருத்துவமனைகளோ ஒப்பந்தம் இல்லாத நிறுவனத்தின் மாணவரைச் சேர்க்காது, காப்பீடும் கேட்கும். பாடத்தை முழுதாக முடித்துவிட்டு, இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். உங்கள் ஊரில் அவர்களுக்கு எந்த இடத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

4. எத்தனை பேர் முதல் முறையிலேயே தேசியத் தேர்வில் தேறுகிறார்கள்? எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நூறு பேர் சேர்ந்து இருபது பேர் மட்டும் தேர்வு வரை போய், அந்த இருபதில் பதினெட்டுப் பேர் தேறினால், விளம்பரத்தில் அது 90 சதவீதம் என்றுதான் வரும்.

5. மொத்தச் செலவு என்ன? கட்டணத்துக்கு வெளியே பாடப்புத்தகம், சீருடை, ஸ்டெதாஸ்கோப், பின்னணிச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி உள்ளிட்ட தடுப்பூசிகள், நூறு டாலரை ஒட்டிய தேர்வுக் கட்டணம், முகாமுக்கான பயணம், தங்குமிடம் எல்லாம் இருக்கும். தூரத்து ஊரில் இரண்டு வாரம் தங்க வேண்டியிருந்தால், "மலிவான" ஆன்லைன் படிப்பு உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியைவிட அதிகமாகிவிடலாம்.

6. பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? எந்தத் தேதி வரை?

"தேர்ச்சிக்கு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால் அதன் நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். தேர்வை நடத்துவது பதிவகம், எனவே பயிற்சி நிறுவனத்தால் தேர்ச்சியைத் தர முடியாது. பணத்தைத் திருப்புவதாகவோ, மறுபடி படிக்க அனுமதிப்பதாகவோ வேண்டுமானால் சொல்லலாம்.

## யாருக்கு இது பொருந்தும்

அருகில் பயிற்சிக் கல்லூரி இல்லாத சிற்றூரில் இருப்பவர், முறை மாறி மாறி வேலை பார்ப்பவர், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு மாலை வகுப்புக்குப் போக முடியாதவர் ஆகியோருக்குக் கலப்பு முறை பெரிய வரம். இவர்களில் பலருக்கு இந்த வழி இல்லையென்றால் இந்தத் தொழிலே எட்டாது. சிற்றூர்களின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் ஆள் கிடைக்காமல் திணறுகிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

யாராவது பிடித்து உட்கார வைத்தால்தான் படிப்பேன் என்பவருக்குப் பதிவு செய்த பாடங்கள் சரிவராது, நேரலை வகுப்பைத் தேடுவது நல்லது. முதல் சில வாரங்கள் உடற்கூறும் கலைச்சொற்களும்தான். அங்கே பின்தங்கிவிட்டால் பிறகு எட்டிப் பிடிப்பது கடினம், ஏனென்றால் அதற்குப் பின் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

பாடத்துக்கும் கைப்பயிற்சிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விடும் திட்டங்களைத் தவிர்ப்பதும் நல்லது. மூன்று மாதம் படித்துவிட்டுக் கடைசி பத்து நாளில் எல்லாத் திறனையும் அள்ளி விழுங்குவதைவிட, ஒவ்வொரு பாடத்தை ஒட்டியும் வாரக் கடைசியில் கைப்பயிற்சி இருப்பது மேல். அப்படிக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதையே எடுங்கள்.

## கையில் கிடைத்த பிறகு

தேசியச் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். புதுப்பிக்க மறுபடி தேர்வு எழுதலாம், அல்லது 40 மணி நேரத் தொடர்கல்வி முடிக்கலாம். அந்த 40-ல் 20 மணி நாடு முழுவதுக்குமான பாடம், 10 மணி மாநிலமோ உள்ளூர் அமைப்போ முடிவு செய்வது, மீதி 10 மணி உங்கள் விருப்பம். ஆரம்பத்தில் ஒதுக்கிவைத்தோமே, அந்த நான்காவது வகை ஆன்லைன் பாடங்கள் இங்கேதான் உண்மையில் பயன்படும். சிஏபிசிஇ அங்கீகாரத்துக்கும் இப்போது பொருள் வந்துவிடும்.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் தேசியச் சான்றிதழ் கைகொடுக்கும், ஆனால் புது மாநிலத்தின் உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு மாநிலத்தின் உரிமத்தோடு மற்றதில் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் பணிசெய்ய விடுகின்றன. அமெரிக்காவுக்கு வெளியே போனால் இந்தச் சான்றிதழ் தானாகச் செல்லுபடியாகாது. இஎம்டி என்ற அதே பெயர் வேறொரு நாட்டில் வேறு மணிக்கணக்கையும் வேறு அனுமதிகளையும் குறிக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணத்தோடு இந்தப் படிப்பில் சேருகிறவர்கள், அந்த நாட்டில் ஆம்புலன்ஸ் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடம், கலப்பு முறையில் படித்த அமெரிக்க இஎம்டியை ஏற்பீர்களா, கூடுதலாக என்ன கேட்பீர்கள் என்று சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.